ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போகிறேன், திரும்பி வர மனசில்லை. டி.சி. வாங்கிவிடலாமா?

தறிச்சத்தம் | 5 அக்டோபர் 2024, இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பா விசைத்தறியில் கூலிக்கு நெய்கிறார், அம்மா தறிக்கு நூல் தார் சுற்றுவார். பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்) கிடைத்தது. ஹாஸ்டலில் இருக்கிறேன். சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது.

வகுப்பில் ஒன்றும் புரியவில்லை. பாடம் கஷ்டம் என்று சொல்ல வரவில்லை. கஷ்டமா லேசா என்று தெரிகிற அளவுக்குக்கூட எனக்கு எட்டவில்லை. போர்டில் இருப்பதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொள்கிறேன். ராத்திரி எடுத்துப் பார்த்தால் கையெழுத்து என்னுடையதுதான், ஒரு வரிகூட என்னுடையது இல்லை. முதல் வாரம் ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். முந்தின ராத்திரியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'மை ஃபாதர் இஸ் எ...' என்று வந்ததும் நெசவுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று வரவில்லை. நின்றேன். மேடம் 'ஓகே, நெக்ஸ்ட்' என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்த பிறகும் எனக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது.

சிரித்தது மெஸ்ஸில்தான். டீயில் இனிப்பே இல்லை என்று 'சீனி இருக்கா' என்று கேட்டேன். அன்றிலிருந்து என் பெயர் சீனி.

தூக்கமும் இல்லை. எங்கள் தெருவில் ராத்திரி பத்து, பதினொன்று வரை தறி ஓடும். அந்தச் சத்தத்தில்தான் பிறந்ததிலிருந்து தூங்கியிருக்கிறேன். இங்கே ஒரே அமைதி, காதுக்குள் கொய் என்கிறது.

வியாழக்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறேன். ஆயுத பூஜைக்குத் தறியெல்லாம் துடைத்துச் சந்தனம் வைப்பது சின்ன வயதிலிருந்தே என் வேலை. போனால் அப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. பக்கத்து டவுன் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இருக்கிறது. இப்போது கேட்டால் டி.சி. கொடுப்பார்களா? அப்பாவிடம் இன்னும் பேச்சே எடுக்கவில்லை.

பழைய_ரெக்கார்டு | 6 அக்டோபர், காலை 7.15

தம்பி, முதலில் தேதியைப் பார். இது அக்டோபர். அரசுக் கலைக் கல்லூரிகளில் சேர்க்கை கோடையிலேயே தொடங்கிவிடும். இப்போது டி.சி.யோடு போய் நின்றால் பெரும்பாலும் அடுத்த ஜூன் வரை வீட்டில்தான் இருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடு.

நானும் தமிழ் வழிதான், 2011-ல் சேர்ந்தேன். எனக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு முதல் செமஸ்டரில் 'மெட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' இருக்கும். உன் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் முதல் பாடம் என்ன? அணிகள், அணிக்கோவைகளின் பயன்பாடுகள். மேடம் 'ரேங்க்' என்று சொல்வது நீ போட்ட அணித்தரம். 'இன்வர்ஸ்' என்றால் நேர்மாறு. 'பார்ஷியல் டெரிவேட்டிவ்' என்றால் பகுதி வகைக்கெழு, அதுவும் அதே புத்தகத்தில் இருக்கிறது. ஃபிசிக்ஸில் 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' வந்ததா? பதினொன்றில் நிலைமத் திருப்புத்திறன் என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நெட்டுருப் போட்டிருப்பாய். 'இன்டர்ஃபியரன்ஸ்' என்பது குறுக்கீட்டு விளைவு. மெட்ரிசஸில் உனக்கு நிஜமாகவே புதிது ஐகன் மதிப்பும் கெய்லி–ஹாமில்டனும் இருபடி வடிவமும்தான்.

வேறு ஊரில் உன் சொந்தக்காரரையே வேறு பெயரில் அறிமுகம் செய்துவைக்கிற மாதிரிதான் இது.

இன்று ஒரு வேலை செய். பழைய புத்தகம் கையில் இல்லையென்றால் தமிழ்நாடு பாடநூல் கழகத் தளத்தில் தமிழ் வழிப் புத்தகமும் ஆங்கில வழிப் புத்தகமும் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் இறக்கு. ஒரே பாடம், ஒரே கணக்கு, ஏறக்குறைய ஒரே பக்கம். அக்கம் பக்கமாக வைத்துப் படி. உனக்கு அதைவிட நல்ல அகராதி கடையில் கிடைக்காது. எனக்கு அந்தக் காலத்தில் இது தோன்றவே இல்லை. தனியாகப் பொதுக் கையேடு வாங்கி 600 ரூபாயைத் தொலைத்தேன்.

கசப்புக்காப்பி | 6 அக்டோபர், காலை 9.02

இங்கே எல்லாரும் 'விடாதே, போராடு' என்றுதான் சொல்லப் போகிறார்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். பி.எஸ்சி. கணிதம் ஒன்றும் கேவலம் இல்லை. என் தெருவிலேயே பி.இ. முடித்துவிட்டு டெலிவரி பையோடு அலைகிற நாலு பேர் இருக்கிறார்கள். பிடித்ததைப் படிக்கிறவன் உள்ளூரில் படித்து பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. என்று போவது தப்பா? ஆங்கிலத்தில் நடத்தினால்தான் அறிவு என்று இவர்களாக வைத்துக்கொண்டு, புரியாத பையனைக் குற்றவாளி ஆக்குகிறார்கள்.

பழைய_ரெக்கார்டு | 6 அக்டோபர், காலை 9.30

கேவலம் என்று யார் சொன்னது? கணிதம் பிடித்து அதற்காகப் போனால் நானே பெட்டி கட்டித் தருகிறேன். அவன் போக நினைப்பது கணிதத்துக்காக இல்லையே, 'ஓகே நெக்ஸ்ட்'டுக்காக.

கசப்புக்காப்பி | 6 அக்டோபர், காலை 9.41

அது சரி. ஆனால் அந்த 'ஓகே நெக்ஸ்ட்' பையனுடைய தப்பும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் ஆரம்பித்தார்கள். எத்தனை பேருக்கு அது தெரியும்?

கடைசிபெஞ்சு_அக்கா | 6 அக்டோபர், மதியம் 1.20

தம்பி, நான் 7.5-ன் முதல் பேட்ச். 2021-ல் பொறியியலுக்கு அந்த ஒதுக்கீடு வந்தபோது சேர்ந்தவள். இப்போது இறுதி ஆண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ், ஒரு தனியார் கல்லூரி. கொரோனா காலம், முதல் செமஸ்டரில் பாதி வகுப்பு போனில்தான் நடந்தது. என் போனில் டேட்டா தீர்ந்ததும் கல்வியும் தீர்ந்துவிடும். இரண்டு பாடத்தில் ஃபெயிலாகி அரியர் வைத்தேன், கணிதமும் வேதியியலும். வீட்டில் சொல்லவில்லை. அரியர் என்றால் என்ன என்றே அம்மாவுக்குத் தெரியாது என்பது அப்போது ஒரு வசதி.

அரியர் வைத்ததைவிட என்னை அதிகம் படுத்தியது இன்னொன்று. கட்டணம் முழுவதும் அரசு கட்டும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். சேர்ந்து ஒரு மாதத்தில் மெஸ் டெபாசிட் என்று 8,000 கேட்டார்கள். அப்பா கடன் வாங்கிக் கொண்டுவந்தார். படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரிலேயே அறிவித்திருந்தார்கள். அது தெரிந்திருந்தால் அப்பா அலைந்திருக்க வேண்டாம். அலுவலகத்தில் போய்க் கேட்க எனக்குப் பயம். ஆறு மாதம் கழித்து என் தோழி ஒருத்தி போய்ப் பட்டென்று கேட்டாள், 'ஓ, நீங்க செவன் பாயின்ட் ஃபைவா' என்று அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்தார்கள். ஆறு மாத வட்டியை யாரும் திருப்பவில்லை. உன்னிடம் ஏதாவது கேட்டால் ரசீது வாங்கு. எதற்கு என்று எழுதித் தரச் சொல்.

அப்புறம் தமிழ்ப் புதல்வன். இந்த ஆகஸ்டில்தான் ஆரம்பித்தார்கள், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய். எங்களுக்குப் புதுமைப் பெண் 2022 செப்டம்பரில் வந்தது. கல்லூரியில் அதற்கென்று ஒருவர் இருப்பார், அவரைப் பிடி. பள்ளி எமிஸ் நம்பர் (பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் இருக்கிற பதிவு எண்) கேட்பார்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். இணைக்காமல் இருந்ததால் எனக்கு வர வேண்டிய பணம் கொஞ்ச நாள் நின்றுபோனது.

வகுப்புக்கு ஒரே யோசனை. கடைசி பெஞ்சை விடு (என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதே). இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்கார். வகுப்பு முடிந்து மேடம் டஸ்டரை வைக்கும்போது போய்த் தமிழிலேயே கேள். வகுப்புக்கு நடுவே ஆங்கிலத்தில் கை தூக்குவது நம்மால் முதல் வருடம் ஆகாது. ஆகாததை ஏன் முயற்சி செய்து தோற்க வேண்டும்?

தறிச்சத்தம் | 6 அக்டோபர், இரவு 10.05

நன்றி அண்ணே, அக்கா. இரண்டு புத்தகத்தையும் இறக்கிவிட்டேன். அணித்தரம் கணக்கு போட்டுப் பார்த்தேன், வந்தது. அதே கணக்கைத்தான் செவ்வாய்க்கிழமை போர்டில் போட்டிருக்கிறார்கள், நோட்டில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த கணக்கையே தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

ஆனாலும் வியாழக்கிழமை நினைப்பு போகவில்லை. இன்று அம்மா போனில் 'சாப்பாடு எப்படி' என்றார். நல்லா இருக்கு என்றேன். பிறகு மாடிக்குப் போய்விட்டேன்.

சாக்பீஸ்தூள் | 7 அக்டோபர், மாலை 5.50

நான் அந்த மேடம்களில் ஒருத்தி. வேறு கல்லூரி, வேறு ஊர், கணிதம், 22 வருடம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதல் மாதம் யார் தமிழ் வழி, யார் சி.பி.எஸ்.இ. என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் தலையாட்டுவீர்கள். சொல்லப்போனால் புரியாதவர்கள்தான் அதிகம் ஆட்டுவார்கள். 'ஓகே நெக்ஸ்ட்' நானும் சொல்லியிருக்கிறேன். நிற்கிற பையனை இன்னும் நிற்க வைத்துக் கூச்சப்பட வைக்க வேண்டாமே என்றுதான் அவசரமாக உட்கார வைப்போம். அது இப்படிப் போய்த் தைக்கும் என்று இன்றைக்கு இதைப் படித்துத்தான் உறைக்கிறது.

தேர்வு விஷயத்துக்கு வருகிறேன், இதை யாரும் முதல் மாதத்தில் சொல்வதில்லை. அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷனில் (பாட, தேர்வு விதிகள்) தியரி பேப்பருக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியே போடுகிற மதிப்பெண், 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. தேர்வுத் தாள் 100-க்கு இருக்கும், அதில் 45 எடுக்க வேண்டும், இன்டர்னலும் சேர்த்து 50 வந்தால் பாஸ். அந்த 40 என்பது இந்த அக்டோபர், நவம்பரில் கைக்கு வருகிற மதிப்பெண். அசைன்மென்ட்டைத் தேதிக்குக் கொடுப்பது, டெஸ்ட்டில் பெயரும் ஒரு ஃபார்முலாவுமாவது எழுதுவது, இதெல்லாம் அதில் சேரும். 'செமஸ்டருக்குப் பார்த்துக்கலாம்' என்று அதை விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் ஜனவரியில் என் மேஜைக்கு முன்னால் அழுகிறார்கள்.

தாளில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், பிறகு கணிதத்தில் ஐந்து 16; மற்றவற்றில் ஐந்து 13, ஒரு 15. கணிதத்தில் ஆங்கிலம் உங்களை எவ்வளவு தடுக்கும் என்று நினைக்கிறீர்கள்? 16 மதிப்பெண் கணக்கில் 'கிவன்', 'டு ஃபைண்ட்', 'தேர்ஃபோர்' மூன்று வார்த்தை தெரிந்தால் போதும். மீதி எண்ணும் குறியும்தான். திருத்துகிறவருக்குப் படி படியாகக் கணக்கு வேண்டும், கட்டுரை வேண்டாம். வேதியியல் கொஞ்சம் வேறு, அங்கே எழுதத்தான் வேண்டும். படம் போட்டு, பாகம் குறித்து, ஒரு வரி இரண்டு வரியாக எழுதுங்கள். முழு ஆங்கில வாக்கியத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் போய்விடும், உங்கள் நெசவு வாக்கியம் போன மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்கு 'தமிழர் மரபு' என்று ஒரு பேப்பர் உண்டு. அடுத்த செமஸ்டரில் 'தமிழரும் தொழில்நுட்பமும்' வரும், நெசவு அதில் பாடமாகவே இருக்கிறது. அந்த வகுப்புகளில் வாய் திறவுங்கள்.

மகாவலிக்கரை | 8 அக்டோபர், இரவு 8.30

நான் வவுனியா. உயர்தரம் (உங்கட பிளஸ் டூ) தமிழில் எடுத்து, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் படிக்கப் போனவன். விரிவுரை எல்லாம் ஆங்கிலம், வெளியில் கடைத்தெருவில் சிங்களம், இரண்டும் எனக்குச் சரிவராது. மழை வேற. முதல் மாதம் ஒவ்வொரு வெள்ளியும் பை கட்டி வைப்பேன், சனி அவிழ்ப்பேன்.

எனக்கு ஆங்கிலம் வந்த கதை கொஞ்சம் பகிடி. அறைத்தோழன் மாத்தறைப் பக்கம், சிங்களப் பொடியன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, ரெண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் வாளி யாருடையது, லைட்டை எப்ப அணைக்கிறது எண்டு கதைக்கத்தானே வேணும். அவன் பிழையாகச் சொல்ல, நான் பிழையாக விளங்க, ஒருத்தரை ஒருத்தர் சிரிக்க ஏலாது. ஆறு மாதத்தில் வாய் திறந்திட்டுது. நல்லா ஆங்கிலம் பேசுகிற ஆட்களோட இருந்திருந்தால் நான் ஊமையாகவே பட்டம் வாங்கியிருப்பன்.

எங்கட கம்பஸில் 'குப்பி' எண்டு ஒண்டு இருக்கு. சிங்களத்தில் சின்ன மண்ணெண்ணெய் விளக்குக்குச் சொல்கிற பேர். விளங்கின பிள்ளை விளங்காத பிள்ளைகளுக்கு இரவில் இருந்து சொல்லிக் குடுக்கிறது. விரிவுரையில் விளங்காததெல்லாம் குப்பியில் விளங்கும், அதுவும் தமிழில். தம்பி, உங்கட விடுதியில் தமிழ் வழியில் வந்தவர் நீர் ஒராள் மட்டும் எண்டு நினைக்கிறீரா? தேடிப் பாரும்.

நாமக்கல்_அம்மா | 9 அக்டோபர், காலை 6.10

நான் மாணவி இல்லை, மாணவனின் தாய். என் மகனும் இந்த வருடம்தான் சேர்ந்தான், கோயம்புத்தூர். தினமும் 'நல்லா இருக்கேன்' என்றுதான் சொல்கிறான். இங்கே தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. போய்ப் பார்க்கலாமா, கூட்டிக்கொண்டு வரலாமா?

கடைசிபெஞ்சு_அக்கா | 9 அக்டோபர், காலை 8.00

அம்மா, போய்ப் பாருங்கள், கூட்டிக்கொண்டு வராதீர்கள். 'நல்லா இருக்கியா' என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் வரும். 'இன்னைக்கு யார் கூடச் சாப்பிட்டே' என்று கேளுங்கள். பெயர் வந்தால் பயமில்லை. பல வாரம் ஒரு பெயரும் வராமல், தூக்கமும் சாப்பாடும் இல்லை என்று தெரிந்தால் விளையாட்டாக எடுக்காதீர்கள். 14416, டெலி மானஸ், மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. என் அறைத்தோழி ஒருத்தி மூன்று முறை பேசினாள்.

தம்பி, இது உனக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாமாண்டு_சீனியர் | 9 அக்டோபர், இரவு 9.15

ப்ரோ, நானும் 7.5-தான், மெக்கானிக்கல், ஊர் அரியலூர் பக்கம். எனக்கு முதல் வருடம் 'சுண்ணாம்பு' என்று பெயர், சிமெண்ட் ஃபேக்டரி ஊர் என்பதால். இரண்டாம் வருடம் அந்தப் பெயரில்தான் எலெக்ஷனில் நின்று சி.ஆர். (வகுப்புப் பிரதிநிதி) ஆனேன். சீனி எவ்வளவோ பரவாயில்லை.

ஆனால் கேலிக்கும் ராகிங்குக்கும் கோடு உண்டு. பேரு வைத்துக் கூப்பிடுவது ஒன்று. ராத்திரி ரூமுக்கு வரச் சொல்வது, நிற்க வைப்பது, காசு கேட்பது, துணி துவைக்கச் சொல்வது வேறு. தமிழ்நாட்டில் 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, இரண்டு வருடம் வரை சிறை. முந்தின வருடம் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு வந்த சட்டம் அது. 1800-180-5522 யு.ஜி.சி. நம்பர், இருபத்து நாலு மணி நேரமும். போனில் போட்டு வை, தேவைப்படாது என்று நம்புவோம்.

மற்றபடி ஹாஸ்டல் ஞானம்: வாளியில் பெயிண்டில் பெயர் எழுது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்காதே, கொடியில் இடம் கிடைக்காது, புதன்கிழமை துவை. ரெக்கார்டு நோட்டை அந்தந்த வாரம் எழுதிக் கையெழுத்து வாங்கு. மெஸ் சாம்பாரைப் பற்றி வீட்டில் சொல்லாதே, ஊறுகாய் மட்டும் கேள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதம், ஊருக்குப் போகிற வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அதில்தான் கழியும்.

ஊருக்குப் போய்விட்டு வா, போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துவிட்டுப் போ.

கசப்புக்காப்பி | 9 அக்டோபர், இரவு 9.40

ரிட்டர்ன் டிக்கெட் யோசனை நல்லது. நான் கசப்பாகப் பேசினாலும் அதை ஒத்துக்கொள்கிறேன்.

தறிச்சத்தம் | 13 அக்டோபர், இரவு 11.00

ரயிலில் இருந்து எழுதுகிறேன். ஆமாம், திரும்பி வருகிறேன். அன்ரிசர்வ்டு, கழிப்பறைப் பக்கம் பையின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பூஜை அன்று தறியைத் துடைக்கும்போது அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். ஒன்றும் புரியவில்லை, வந்துவிடட்டுமா என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எண்ணெய்த் துணியைப் போட்டுவிட்டு, தான் முதன்முதலில் தறிக்கு வந்த கதையைச் சொன்னார். பதினாலு வயது. முதல் வாரம் இழை அறுந்துகொண்டே இருந்ததாம். எந்த இழை அறுந்தது என்று கண்டுபிடிக்கவே தெரியாதாம், தறி நின்றால் மேஸ்திரி வைவார் என்று அறுந்ததோடேயே ஓட்டியிருக்கிறார். பத்து கஜம் பாழ். 'அறுந்ததுமே நிறுத்தியிருந்தா ஒரு முடிச்சோட போயிருக்கும்' என்றார். அவ்வளவுதான், பிறகு 'சாப்பிட வா' என்று போய்விட்டார். எனக்கு அறிவுரை சொன்னாரா, சும்மா பழைய கதை சொன்னாரா என்று இன்னமும் தெரியவில்லை.

கிளம்பும்போது தறிச் சத்தத்தைப் போனில் ரெக்கார்ட் செய்துகொண்டேன். நாற்பது நிமிடம்.

தறிச்சத்தம் | 17 அக்டோபர், இரவு 10.50

ஒரு வேடிக்கை. ராத்திரி ஹெட்போன் இல்லாமல் மெதுவாக அந்தச் சத்தத்தை ஓடவிட்டிருந்தேன். எதிர்க் கட்டிலில் இருப்பவன் பள்ளிபாளையம். இவ்வளவு நாள் நாங்கள் 'குட் மார்னிங்' தவிர ஒன்றும் பேசினதில்லை. எழுந்து உட்கார்ந்து, 'இது தறி சத்தம்தானுங்க?' என்றான். ஆமாம் என்றேன். 'எங்க ஊர்த் தறி இன்னும் கொஞ்சம் வேகமா அடிக்குமுங்க, இது என்ன துண்டா, சேலையா?' என்று கேட்டான். ஒரு மணி வரை தறியைப் பற்றியே பேசினோம். அவனும் தமிழ் வழி. அவனுக்கும் பைத்தான், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற பேப்பர், புரியவில்லையாம். ஆனால் கணிதம் நன்றாக வருகிறது.

எங்கள் மாடியில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். மகாவலிக்கரை அண்ணா சொன்னதைச் சொன்னேன். நேற்றிலிருந்து எங்கள் ரூமில் குப்பி.

மகாவலிக்கரை | 18 அக்டோபர், காலை 7.00

அப்ப சரி. பிஸ்கட் பெட்டி ஒண்டு கட்டாயம். இல்லாட்டில் ரெண்டாம் நாள் ஆட்கள் வராயினம்.

தறிச்சத்தம் | 9 நவம்பர் 2024

தீபாவளி முடிந்து வந்ததும் முதல் இன்டர்னல் டெஸ்ட் மார்க் கொடுத்தார்கள், நூற்றுக்கு. ஃபிசிக்ஸ் 58, வேதியியல் 47, பைத்தான் 39, கணிதம் 31. கணிதம்தான் தெரியும் என்று நினைத்தேன், அதுதான் குறைவு. நேரம் போதவில்லை, ஐகன் வெக்டரில் ஒரே கணக்கில் நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் போனேன். தமிழில்தான் கேட்டேன். அவர்களும் தமிழில்தான் சொன்னார்கள், நல்ல மதுரைத் தமிழ்! தாளைப் பார்த்துவிட்டு, 'ஸ்டெப் எல்லாம் சரிப்பா, கூட்டல்ல விட்டிருக்க' என்றார்கள்.

சாக்பீஸ்தூள் | 9 நவம்பர் 2024

ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை, அணியின் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். அது வரவில்லையென்றால் மேலே போகாமல் அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் அப்பா சொன்ன முடிச்சு.

தறிச்சத்தம் | 14 மார்ச் 2025

ரிசல்ட் வந்துவிட்டது. கணிதம் 'யு'. அரியர். மற்றது எல்லாம் பாஸ், தமிழர் மரபில் 'ஏ பிளஸ்'. கணிதம் நன்றாக வரும் என்று சொன்னேனே, பள்ளிபாளையத்துக்காரன், அவனுக்குப் பைத்தான் போய்விட்டது. ஆளுக்கு ஒன்று. அப்பாவிடம் நானே சொன்னேன். அரியர் என்றால் என்ன என்று விளக்கினேன். 'மறுபடியும் எழுதலாமா? எழுதலாம்ல, பிறகென்ன' என்றார்.

கசப்புக்காப்பி | 14 மார்ச் 2025

ரீவேல்யூவேஷனுக்கு முன்னால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார். கூட்டல் தப்பு உனக்கு மட்டும் வரும் என்று இல்லை.

புதுசு_2025 | 3 ஆகஸ்ட் 2025, மாலை 4.20

அண்ணா, இந்த இழையை முழுசா படிச்சேன். எனக்கும் 7.5-ல இ.சி.இ. கிடைச்சிருக்கு, சென்னைதான். ஊர் கடையநல்லூர். என்னென்ன எடுத்துட்டு வரணும்? இங்கிலீஷ் சுத்தமா வராது. பயமா இருக்கு.

தறிச்சத்தம் | 3 ஆகஸ்ட் 2025, இரவு 9.35

தம்பி, வாளி, கப்பெல்லாம் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வராதே, இங்கே கேட் எதிரிலேயே கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், இயற்பியல் புத்தகத்தை மட்டும் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதே, கொண்டு வா. எமிஸ் நம்பரை ஒரு தாளில் எழுதி வை, வங்கியில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று இப்போதே போய்க் கேள், இங்கே வந்த பிறகு அதற்காக ஊருக்கு அலைய வேண்டாம். சாதிச் சான்று, டி.சி., மார்க்‌ஷீட் எல்லாம் பத்து நகல். போர்வை இரண்டு. சாரம் கொண்டு வா, ஆனால் இங்கே லுங்கி என்று சொன்னால்தான் புரியும்.

டீயில் சீனி குறைவாகத்தான் போடுவார்கள். கேட்டு வாங்கிக்கொள்.

எனக்கு மேத்ஸ் அரியர் போன வாரம்தான் கிளியர் ஆனது. எந்தக் கல்லூரி என்று தனிச்செய்தியில் அனுப்பு. பொதிகையில் வந்தால் எழும்பூருக்கு முன்னாலேயே தாம்பரத்தில் இறங்கிவிடு, விடியற்காலை நானும் பள்ளிபாளையத்துக்காரனும் வந்து நிற்கிறோம்.